பெனிட்டாவின் மேல் ஒரு புகார்

ஜூலை 1, திங்கள்

தேன்மொழி நேற்றுக் காலை பஸ் ஏறிவிட்டாள். வேளாண் துறையில் வேலை கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் ஏழு வாரப் பயிற்சி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். கிளம்பும்போது இந்த நோட்டைக் கையில் கொடுத்தாள்.

"போன்ல கேட்டா எல்லாம் நல்லாருக்குதுன்னுதான் சொல்லுவீங்க. தெனமும் நம்ம புள்ளயப் பத்தி ரெண்டு வரி எழுதி வைங்க. வந்து படிச்சுக்கறேன்."

ஆக, இது அவள் படிக்கப்போகிற நோட்டு.

இதழினி ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் ரயில்வே காலனிக்குப் பின்தெருவில். நாலு மணிக்கு விடுகிறார்கள். எனக்கு ஈரோடு ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதனை. பகல் பணி கேட்டு வாங்கியிருக்கிறேன், ஐந்தரைக்கு முடியும். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. இதழினியோடு படிக்கிற பெனிட்டாவின் அம்மா ஷீபா தானாக முன்வந்தாள். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். "ரெண்டும் ஒண்ணா வெளையாடட்டுங்ணா, எனக்கென்ன பாரம்" என்றாள். சும்மா உதவி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு யோசனை வரும். பதினோரு வருடம் டிக்கெட் கேட்டுப் பழகியவனுக்கு வராமல் இருக்குமா?

ஜூலை 2, செவ்வாய்

சாயங்காலம் ஆறரை முதல் ஏழரை வரை பாடம் என்று வைத்திருக்கிறேன். இன்று பதினொன்றிலிருந்து இருபது. பன்னிரண்டு என்றால் 21 எழுதுகிறாள், பதினாலு என்றால் 41. பத்துத் தடவை சொன்னேன். கண் ஜன்னலில் இருக்கிறது. கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருந்தது. அப்புறம் முனைக்கடையில் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். சமாதானம் ஆகிவிட்டாள்.

இரவு ரவை உப்புமா. சாப்பிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

திங்கட்கிழமை பென்சில் பெட்டியில் நாலு புதுப் பென்சில் வைத்தேன். இன்று ஒன்றுதான் இருக்கிறது. ரப்பரும் இல்லை.

"எங்க கண்ணு?"

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

மறுபடி கேட்டேன். "பெனிட்டாவுக்கு."

"கேட்டாளா?"

இல்லை என்று தலையாட்டினாள். கேட்காமல் யாராவது மூன்று பென்சிலைத் தூக்கிக் கொடுப்பார்களா? மிரட்டி வாங்குகிறாள். அந்தக் குழந்தை பார்க்க ஒல்லியாக, பேசவே பேசாது. அப்படிப்பட்டவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

இதழினியைக் கூட்டிவரப் போனால், என்னைக் கண்டதும் பெனிட்டா அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய்விடுகிறாள். நேற்றும் இப்படித்தான். இன்று நான் சிரித்துக்கூடப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். பிளாட்பாரத்தில் இப்படி ஒதுங்குகிறவனிடம் டிக்கெட் இருக்காது.

பதினாறு வரை இன்று தப்பில்லை. கண்டிப்புக்குப் பலன் இருக்கிறது. நான் படித்ததும் இப்படித்தான்.

ஜூலை 11, வியாழன்

இதழினி தலையில் புதிதாக ஒரு ஊதா கிளிப், வண்ணத்துப்பூச்சி வைத்தது. பெனிட்டா கொடுத்தாளாம். பென்சிலை எடுத்துக்கொண்டு கிளிப்பைக் கொடுத்துச் சரிக்கட்டுகிறாளா? உடனே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

ஷீபா மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "கொழந்தைங்க மாத்திக்கறாங்கங்ணா, உடுங்க." அப்புறம் மெஷினை நிறுத்தினாள். "இதழ் வீட்ல டீச்சர் வெளையாட்டு வெளையாடுவாளுங்களா?"

"இல்லையே, ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

தேன்மொழி நேற்று வந்தாள். இன்று மதியம் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றும்போது குளியலறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். இடது காது மடல் சிவந்து தடித்திருக்கிறது. பின்பக்கம் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல்.

"இது என்னங்க?"

"பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் வெளையாட்டா இருக்கும்."

தேன்மொழி குழந்தையின் முகவாயைத் தூக்கினாள். "யாரு கண்ணு காதத் திருகுனது? அம்மாகிட்டச் சொல்லு."

இதழினி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். "பெனிட்டா" என்றாள்.

குழந்தை பொய் சொல்லாது.

தேன்மொழிக்குக் கண் நிறைந்துவிட்டது. சாயங்காலம் இந்த நோட்டைப் படித்தாள். "கண்டிக்க வேண்டியிருந்ததுன்னு எழுதியிருக்கீங்களே, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள். சத்தம் போட்டேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, "நாளைக்கே ஷீபாகிட்டப் பேசிடுங்க, சண்டையெல்லாம் வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னாள்.

ஜூலை 15, திங்கள்

பேசினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷீபா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "அம்மிணி, உங்க பொண்ணு என்ற புள்ள காதத் திருகிக் கீறி வெச்சிருக்கா. அவங்கம்மா பாத்துட்டு அழுதுட்டா."

"பெனிட்டாவுங்களா?"

"புள்ளயே சொல்லுச்சு."

ஷீபா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "இதழ் காத நீ திருகுனியாடி?" பெனிட்டா இல்லை என்று தலையாட்டினாள். இதழினி பையை மாட்டிக்கொண்டு வாசலில் தரையைப் பார்த்து நின்றாள்.

ஷீபா மகளின் முடியை ஒதுக்கிக் காட்டினாள். "இதையும் பாருங்ணா." இரண்டு காதும் சிவந்திருந்தன. "ஒரு வாரமா இருக்குது. கேட்டா கீழ உளுந்துட்டேங்கறா. உங்ககிட்டச் சொல்லோணுமா வேண்டாமான்னு இருந்தேன்."

"அப்ப என்ற புள்ள பொய் சொல்லுதுங்கறீங்களா?"

"நான் யாரையும் சொல்லலீங்ணா. ரெண்டும் ஆறு வயசுப் புள்ளைங்க. எங்கிருந்தாவது கத்துக்கிட்டு வரும்."

எங்கிருந்தாவது என்னும்போது என் முகத்தையே பார்த்தாள். நாளையிலிருந்து அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் இதழினி என் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஷீபாவே மகள் காதைச் சிவக்கவைத்துக் காட்டியிருக்கலாம். ஆட்கள் எதையும் செய்வார்கள்.

ஜூலை 19, வெள்ளி

புது ஏற்பாடு. நாலு மணிக்கு அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அவளை அழைத்துவருகிறேன். ஐந்தரை வரை ஸ்டேஷனில் எங்கள் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். உமாபதி சார் பிஸ்கட் கொடுத்தார். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர். "புள்ளைக்குப் பேச்சே வராதா கதிரேசன்?" என்று கேட்டார்.

"புது எடம் சார்."

வீட்டிலும் பேச்சு குறைந்திருக்கிறது. பதினாறு வரை வந்தது மறுபடி பத்தில் நிற்கிறது. அந்த வீட்டில் இருந்த இரண்டு வாரம் பிள்ளையை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. இன்றும் கண்டிக்க வேண்டியிருந்தது. ஐஸ் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

டீச்சர் வரச் சொன்னார். வகுப்பு விட்டபின், சின்ன பெஞ்சு ஒன்றில் என்னை உட்காரவைத்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது.

"இதழினியத் தனியா ஒக்கார வெச்சிருக்கேன் சார். பக்கத்துல ஒக்கார யாரும் வரமாட்டேங்கறாங்க. தப்பா எழுதுனா காதத் திருகறாளாம். அப்புறம் அழுதா பென்சில் குடுக்கறாளாம்."

"யாரு சொன்னாங்க?"

"அஞ்சு புள்ளைங்க சொன்னாங்க. நானும் பாத்தேன்." சாக்பீஸ் டப்பாவை மூடினார். "வீட்ல யாரு சார் பாடம் சொல்லித் தர்றது?"

"நான்தான்."

"எப்படிச் சொல்லித் தருவீங்க?"

"எல்லாரும் சொல்லித் தர்ற மாதிரிதான்."

டீச்சர் மேசையிலிருந்த நோட்டுகளை ஒதுக்கினார். "ரெண்டு வாரம் வீட்ல நோட்டே எடுக்காதீங்க. சந்தைக்குக் கூட்டிட்டுப் போங்க, தக்காளிய எண்ணச் சொல்லுங்க. கதை சொல்லச் சொல்லிக் கேளுங்க. ஒரு புள்ளயோடயாவது வெளையாட விடுங்க. ஒண்ணாங்கிளாஸுக்கு அது போதும் சார். கணக்கு எங்கயும் ஓடிப் போயிடாது."

கேட்டுக்கொண்டேன். வெளியே வந்தபின்தான் உறைத்தது. டீச்சர் போட்டிருந்த மயில்நீல ரவிக்கையைப் போன வாரம் ஷீபா வீட்டில் ஆணியில் பார்த்திருக்கிறேன். துணி கொடுக்கவும் வாங்கவும் போகும்போது என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 26, வெள்ளி

பிளாட்பாரம் போய்விட்டு நாலே முக்காலுக்கு அறைக்குத் திரும்பினேன். உமாபதி சாரும் இன்னும் இரண்டு பேரும் கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வா கதிரேசன், வந்து பாரு" என்றார்.

இதழினி எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். பெஞ்சின் மேல் தன் துணிப்பையை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தாள். அதன் முன்னால் ஒரு பழைய படிவமும் பேனாவும்.

"இது என்ன? சொல்லு. எத்தன தடவ சொல்றது? மண்டைல என்ன இருக்குது? ஜன்னல்ல என்ன பார்வை? இங்க பாரு. உங்கம்மாகிட்ட சொன்னீன்னா தெரியும்."

பையின் காதைப் பிடித்தாள். மெதுவாக, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு முழுச் சுற்று திருகினாள். பிடித்தபடியே நின்றாள். எண்ணுகிற மாதிரி இருந்தது. அப்புறம் விட்டுவிட்டு, குரலை மாற்றி, "சரி சரி, அழுவாத. வா, ஐஸ் வாங்கித் தர்றேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உமாபதி சார்தான் முதலில் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "டீச்சர் ரொம்பக் கண்டிப்போ?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

இன்று பாடம் வைக்கவில்லை.

ஜூலை 27, சனி

தேன்மொழி வந்தாள். நோட்டைக் கேட்டாள். ஆபீஸில் வைத்துவிட்டேன் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலையில் தேன்மொழி மாவு வாங்கப் போயிருந்தாள். இதழினி வாசற்படியில் செருப்புக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"கண்ணு, அன்னிக்கு அம்மா கேட்டப்ப ஏன் பெனிட்டான்னு சொன்னே?"

வாரையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க பாத்தீங்கல்ல."

வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்கு, பெரிய ஆட்களே பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள்.

ஜூலை 2 அன்று கண்டிக்க வேண்டியிருந்தது என்று எழுதியிருக்கிறேன். காதைத் திருகினேன். 3, 4 தேதிகளிலும். 9 அன்று இரண்டு காதையும். 12 அன்று கீறல் விழுந்தது. என் கட்டைவிரல் நகம். 19 அன்று திருகும்போது அவள் அழவே இல்லை, அதனால் இன்னும் கொஞ்சம் திருகினேன். ஷீபாவிடம் போய்ப் புகார் சொன்ன அன்று கீறல் யார் போட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான், குழந்தை சொன்னதை நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

தேன்மொழி மாவோடு வந்ததும் நோட்டைக் கொடுத்தேன். மேலே உள்ள வரிகள் வரைக்கும் படித்தாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு மாவுப் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் பயிற்சிய உட்டுட்டு வந்துடறேன்."

"தேனு, இனிமே..."

"பேசாதீங்க." மாவுப் பாக்கெட்டை ஓரமாக நகர்த்திவிட்டு, "ஆறு வருசம் படிச்சு எழுதி வாங்குன வேலைங்க. அத உட்டுட்டு வந்து உங்க கையக் காவல் காக்கட்டுமா? சொல்லுங்க" என்றாள்.



சாயங்காலம் வரை இதழினியை மடியைவிட்டு இறக்கவில்லை. கிளம்பும்போதுதான் முடிவைச் சொன்னாள். தினமும் ஏழு மணிக்குப் போன் செய்வாள். பிள்ளை தனியாகப் பேசும், நான் வாசலில் நிற்க வேண்டும். நோட்டை எடுக்கக் கூடாது. ஒரு தடவை கை பட்டது தெரிந்தாலும் அடுத்த பஸ்ஸில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். "ஷீபாகிட்ட நீங்களே போய்ச் சொல்லோணும். நான் கூட வரமாட்டேன்."

ஜூலை 29, திங்கள்

போனேன். மூன்று தடவை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டு, நாலாவது தடவை போனேன்.

"பெனிட்டா திருகல அம்மிணி. நான்தான் திருகுனேன். என்ற புள்ள என்னயப் பாத்துக் கத்துக்கிச்சு. உங்க புள்ளகிட்டக் காட்டியிருக்குது. தெரிஞ்சுக்கிட்டேதான் அன்னிக்கு வந்து பேசுனேன்."

ஷீபா தையலை நிறுத்தவில்லை. ரவிக்கையின் ஒரு கையை முழுக்கத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எனக்கு மொதல்லயே தெரியுங்ணா. டீச்சர் வெளையாட்டுல உங்க கொரலு அப்படியே வரும். அந்த கிளிப்பு கூட, குடுத்தா இன்னிக்குத் திருகமாட்டேன்னு இதழ் சொன்னாளாம், அதான் குடுத்துச்சு இது." அடுத்த கையை மெஷினில் வைத்தாள். "எனக்கு உங்க புள்ள மேல கோவமில்ல. எப்ப வேணா வரட்டும். ஆனா பெனிட்டா கூப்புடோணும். நானாச் சொல்லி வெளையாட வெக்க மாட்டேன்."

"நான் பெனிட்டாகிட்ட..."

"இப்ப வேண்டாங்ணா. உங்களப் பாத்தா அது உள்ள போயிடுது."

உள்ளே கதவுக்குப் பின்னால் சின்னப் பாதம் இரண்டு தெரிந்தது. கதவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கேட்டதா என்று தெரியாது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

உழவர் சந்தை. இதழினி கத்திரிக்காயை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டாள். பன்னிரண்டுக்கு அப்புறம் நின்றாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பாச் சொன்னா?"

"மறுபடி எண்ணலாம்."

"அப்பவும் தப்பாச் சொன்னா?"

"குழம்பு வெச்சுடலாம்."

பதினேழு என்றாள். பதினாறுதான் இருந்தது. குழம்பு வைத்தேன்.

ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். உள்ளே போனில் என்னென்னவோ பேசினாள். ஒட்டுக்கேட்கத் தோன்றியது. கேட் வரை போய் நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளியில் இன்னும் தனி பெஞ்சுதான். யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்டால், "என்னோட" என்கிறாள்.

ஆகஸ்ட் 7, புதன்

நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றிருந்தேன். இதழினி வழக்கம்போல் கடைசியாக வந்தாள். ஷீபாவின் கையைப் பிடித்திருந்த பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ஷீபா, "நீயே சொல்லு" என்றாள்.

பெனிட்டா நாலடி வந்தாள். "எங்கூட்டுக்கு வர்றியா? நான்தான் டீச்சர். நீ டீச்சர் இல்ல."

"சரி."

"கேட்டுட்டுத்தான் தொடோணும். எங்கம்மா சொல்லிருக்காங்க."

"சரி."

இதழினி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "உனக்குப் போகணும்னா போ கண்ணு" என்றேன். ஓடினாள். இருவரும் கையைக் கோத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஸ்டேஷன் வரை நான் தனியாக நடந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாளை தேன்மொழி வருகிறாள்.

ஐந்தரைக்குப் போனபோது இருவரும் தரையில் வெட்டுத்துணிகளைப் பரப்பி நிறம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெனிட்டா என்னைக் கண்டு உள்ளே ஓடவில்லை. ஒரு பச்சைத் துணியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அவளிடம் நேராகச் சொன்னேன். "உன் மேல பொய்யாச் சொல்லிட்டேன் பாப்பா. தப்பு என்னோடது."

யோசித்தாள். "செரிங்க மாமா" என்றாள். அவ்வளவுதான். மறுபடி துணி பிரிக்கப் போய்விட்டாள்.

இதழினியின் தலையில், காதோரம், ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. எதையும் நினைக்காமல் குனிந்து கையை நீட்டினேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். ஷீபாவின் மெஷின் நின்றது.

கை அந்தரத்தில் நின்றது. பெனிட்டாதான் பேசினாள். "மாமா, கேட்டுட்டுத் தொடோணும்."

கையைப் பின்னால் எடுத்தேன். தரையில் உட்கார்ந்தேன். "கண்ணு, முடியில நூலு இருக்குது. எடுக்கட்டுமா?"

இதழினி கண்ணைத் திறந்தாள். நான் கேட்டதற்கு வேண்டாம் என்றும் சொல்லலாம் என்பது அவளுக்குப் புதிதாக இருந்திருக்கும். ஒரு காதிலிருந்து மட்டும் கையை எடுத்தாள்.

"நானே எடுத்துக்கறேன்."

தடவித் தடவித் தேடி, கண்டுபிடித்து, எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து ஊதினாள். நூல் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெனிட்டாவுக்கு என் மேல் இருந்த பயம் ஒரு மாதத்துக்குள் சரியாகிவிட்டது. கேட்காமல் நீளும் என் கை இன்னும் சரியாகவில்லை என்று எழுதியிருக்கிறேன், தேன்மொழி நாளை வந்து படித்துக்கொள்ளட்டும்.